முந்திச் செல்வோர் கடமை



ஒரு கழுதையின் வழக்கிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். இங்கிலாந்து நாட்டில் ஒருவன் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டி, அதனைப் பொதுச் சாலையில் மேய விட்டிருந்தான். அச்சாலையின் அகலம் ஏறத்தாழ எட்டு கெஜம். கழுதை ஓர் ஓரமாக நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அப்பொழுது மூன்று குதிரைகள் பூட்டிய பாரவண்டி ஒன்று சரிவிலே விரைந்து இறங்கி வந்தது. வண்டிக்காரன் குதிரைகளை விட்டுச் சற்றுப் பின்னே வந்துகொண்டிருந்தான். கால் கட்டுண்ட கழுதையால் விலக இயலவில்லை. வண்டி மோதிற்று, உருளைகள் மேலேறின, கழுதை மாண்டது. கழுதைக்கு உடையவன் நட்டஈடு கேட்டு வழக்காடினான். 1842ஆம் ஆண்டில் தீர்ப்பான இவ்வழக்கினைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் டேவிஸ் எதிர் மான் என்ற பெயரால் அறிவர்.

வண்டிக்காரன் பக்கத்து வாதம் எளியது. கால் கட்டிய விலங்கைப் பொதுச் சாலையில் விட்டது உடையவன் குற்றமன்றோ? தானே குற்றம் புரிந்தவன் பிறரிடம் ஈடு கேட்கலாமா? இந்த வாதத்திற்கு அந்நாளில் வலிமை மிகுதியாக இருந்தது. 1809ஆம் ஆண்டில் வேறொரு வழக்கு நடந்தது. வீட்டைப் பழுது பார்த்த ஒருவன் சாலையின் குறுக்கே கழி ஒன்றைப் போட்டிருந்தான். மாலை மங்கும் வேளையில் குதிரையைக் கடுவிரைவாக ஓட்டி வந்த மற்றொருவன் அக்கழியில் மோதி விழுந்தான். கழி போட்டது தவறுதான். எனினும் நிதானமாக வந்திருந்தால் கழி கண்ணுக்குப் பட்டிருக்கும் என்று கூறி, விழுந்தவனுக்கு ஒரு காசும் இல்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. அடிபட்டவன்மீது சிறு குற்றம் இருந்தாலும் அவனுக்கு ஈடு கிடையாது என்னும் விதி இவ்வாறு வேரூன்றியது. நூறு பங்கில் ஐந்து பங்கு குற்றம் அவனுடையதாயினும் முழு நட்டமும் அவன் தலையிலேயே விழுந்தது.

கழுதை வழக்கில் நீதிபதிகள் வேறு வழி கண்டனர். கழுதை அங்கே நின்றது தவறாகவே இருக்கட்டும். அதனாலேயே அதன்மீது வண்டியை ஏற்றிச் செல்ல எவனுக்கும் உரிமை வந்துவிடாது. தீங்கு நேராத வேகத்தில் வண்டியைச் செலுத்துவது ஓட்டுபவன் கடமை என்றனர். விலக முடியாத நிலையில் ஒருவர் நிற்க, விலகக்கூடிய நிலையில் மற்றொருவர் வந்தால், கடைசி வாய்ப்பு எவர் கையில் இருந்ததோ அவரே பொறுப்பு என்று பிற்காலத்தார் இத்தீர்ப்புக்குப் பொருள் கூறினர்.

கழுதைக் கதையைச் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் உங்களிடம் ஏன் சொல்லுகிறேன் என்று சினம் கொள்ளவேண்டா. பின்னாலிருந்து வரும் மோட்டார் வண்டி சைக்கிள்காரரை முந்திச் செல்லும்போது விபத்து நேர்ந்தால் குற்றம் யாருடையது என்னும் கேள்விக்கு நூற்றெண்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட விடைகள் அனைத்திலும் அக்கழுதையின் நிழல் விழுந்திருக்கிறது. முன்னே செல்பவர் பின்னால் வருவதைக் காண்பதில்லை. பின்னால் வருபவரோ இருவரையும் காண்கிறார்.

சைக்கிளின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அது சாலைக்கு வந்த காலத்தில் முந்தப்பட்ட வண்டி அன்று. பிறரை முந்திய வண்டி. 1817ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். மிதிகட்டைகளும், ஆளுயர முன்சக்கரமும், கெட்டி ரப்பரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1885இல் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுடையதாய், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுப்பதாய் வண்டி அமைத்தார்; 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். நீங்கள் இன்று ஏறிச் செல்லும் சைக்கிளின் உடலமைப்பு அதனினும் பெரிதாக மாறிவிடவில்லை.

அந்நாளில் சாலையில் சைக்கிளைவிட விரைந்தது அஞ்சல் வண்டியும் நல்ல குதிரையுமே. ஆகவே நடப்பவரும் வண்டிக்காரரும் சைக்கிள்காரர்மீது முறையிட்டனர்: ஓசையின்றி வருகிறான், திடீரென உராய்ந்து செல்கிறான், குதிரையை மிரட்டுகிறான் என்று. 1879இல், சைக்கிளும் ஒரு வண்டியே. ஆதலின் மூர்க்கமாக ஓட்டிய குற்றம் சைக்கிள்காரனுக்கும் பொருந்தும் என்று ஆங்கில நீதிமன்றம் கூறிற்று. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதனை உறுதி செய்து, சைக்கிளுக்குச் சாலையில் இடமும் அளித்தது, கடமையும் விதித்தது. இரவில் விளக்கு வேண்டும். பிறரை முந்துமுன், போதிய நேரம் இருக்கும்போதே மணியடித்து எச்சரிக்க வேண்டும். உங்கள் சைக்கிளின் கைப்பிடியில் இருக்கும் சிறு மணிக்கு இத்தகைய சட்டப் பரம்பரை உண்டு! முந்துபவன் வலியவன், ஆதலால் கடமையும் அவனுக்கே என்னும் கருத்தை அச்சட்டத்தில் காணலாம்.

அடுத்த இருபது ஆண்டுகளில் மோட்டார் வந்தது; முந்தியவர் முந்தப்படுபவராயினர். இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிகளை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்துக்குள் அடக்கி, முன்னே ஒருவன் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டும் என்றும் விதித்திருந்தது. 1896இல் அக்கட்டு அவிழ்ந்து உச்ச வேகம் 14 மைலாயிற்று. 1903இல் 20 மைல். 1930இல் கார்களுக்கு வேக வரம்பே இல்லாமற் போயிற்று. அவ்வாண்டுகளின் விளைவு என்ன? 1934ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் மாண்டோர் 7,343 பேர். அவர்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சைக்கிள்காரர்கள். 1935 முதல் ஊர்ப்புறங்களில் 30 மைல் வரம்பு மீண்டும் வந்தது.

அமெரிக்காவில் மோட்டார் வண்டி மோதிய முதல் விபத்துகளுள் ஒன்று 1896ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்தது. அடிபட்டவர் ஒரு சைக்கிள்காரர் என்பதும், அவருக்குக் கால் முறிந்தது என்பதும், ஓட்டியவர் அன்றிரவைக் காவலில் கழித்தார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கன.

1934ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனின் மேற்குச் சாலையில் சைக்கிளுக்கெனத் தனிப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. சைக்கிள் சங்கத்தார் மகிழ்ந்திருப்பார்கள் என்று நீங்கள் எண்ணலாம். அவர்கள் எதிர்த்தனர்! நல்ல சாலைகள் வேண்டும் என்று 1880களில் முதலில் கிளர்ச்சி செய்தவர்கள் சைக்கிள்காரர்களே. அச்சாலைகளில் மோட்டார் ஏறியபின், உங்களுக்குத் தனிப் பாதை இருக்கிறது, இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்கும் நாள் வந்துவிடும் என அஞ்சினர். அந்த அச்சம் வீணானது என்று எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. எனினும் அவ்வெதிர்ப்பால் இங்கிலாந்து இழந்தது மிகுதி என்பதே என் கருத்து. காரணத்தைப் பின்னர் ஹாலந்து நாட்டுக் கதையில் காண்பீர்கள்.

இனி, முந்துதல் என்பதுதான் யாது? அதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நான் கணித ஆசிரியனாகப் பணி தொடங்கியவன். கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது.

ஒரு மாணவன் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் செல்கிறான். பின்னால் ஒரு பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். சைக்கிள் ஏறத்தாழ 2 மீட்டர். சைக்கிளுக்குப் பின்னே 20 மீட்டரில் விலகத் தொடங்கி, அதற்கு முன்னே 20 மீட்டர் சென்றபின் தன் பக்கம் திரும்புவதாகக் கொள்ளுங்கள். சைக்கிளை நோக்க, பஸ் கடக்கவேண்டிய தொலைவு 54 மீட்டர். இரண்டின் வேக வேறுபாடு மணிக்கு 45 கிலோமீட்டர், அஃதாவது நொடிக்கு 12.5 மீட்டர். எனவே 4.3 நொடி ஆகும். அந்நேரத்தில் பஸ் சாலையில் 72 மீட்டர் ஓடிவிடும். எதிரே அதே வேகத்தில் இன்னொரு வண்டி வருமானால் அதுவும் 72 மீட்டர் நெருங்கிவிடும். ஆக, 144 மீட்டர் சாலை முன்னே வெறுமையாக இருந்தாலன்றி முந்துதல் தகாது.

அகலத்தையும் பாருங்கள். சைக்கிள்காரர் சாலையின் தார் விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே செல்கிறார். அவருடைய கைப்பிடியின் பாதி 0.3 மீட்டர். அவருக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருக்கவேண்டும். பஸ்ஸின் அகலம் 2.5 மீட்டர். கூட்டினால் 4.8 மீட்டர். இருவழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். எதிரே 2.5 மீட்டர் அகலமுள்ள இன்னொரு பஸ் வந்தால் மொத்தம் 7.3 மீட்டர் தேவை. இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சென்றாலும் இடம் போதாது. அவ்வேளையில் குறைக்கப்படுவது எது? சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் இடையே உள்ள அந்த ஒன்றரை மீட்டரே.

ஓட்டுநர் பொறுமையாகப் பின்னே சென்றால் எவ்வளவு காலம் வீணாகும் என்று கேட்கலாம். பத்து நொடிகள் சைக்கிளின் வேகத்திலேயே பின்தொடர்ந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதைவிட அவர் இழப்பது ஏழரை நொடி. வேகம் குறைத்துக் கூட்டும் நேரத்தையும் சேர்த்துச் சற்று மிகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் சில்லறை வாங்கும் நேரம்கூட அன்று.

2004ஆம் ஆண்டில் எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் மாலையில் வீடு திரும்பும்போது, ஒரு பஸ் அவனை முந்திற்று. எதிரே இன்னொரு பஸ் வந்தது. முந்திய பஸ்ஸின் பின்பகுதி அவன் கைப்பிடியில் பட்டு, அவன் விழுந்து வலக்கை இரண்டு இடங்களில் முறிந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவன் வயதை மெய்ப்பிக்கும்பொருட்டுச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரும்படி தலைமையாசிரியனாகிய எனக்கு அழைப்பாணை வந்தது. பதிவேட்டின்படி விபத்தன்று அவன் வயது பதின்மூன்று ஆண்டு இரண்டு மாதம். என் சாட்சியம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பின்னர் அமர்ந்து, அவனைக் குறுக்கு விசாரணை செய்ததைக் கேட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியைப் பலவாறு திருப்பிக் கேட்டார்: ஹாரன் ஓசை கேட்டதும் நீ இடப்பக்கம் விலகினாயா, வலப்பக்கம் திரும்பினாயா? இடப்பக்கம் விலகினேன் என்றான் பையன். ஆனால் உன் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியதைக் கண்டவர் இருக்கிறாரே என்றார் அவர். பையன் விழித்தான். உள்ளே சென்றதும் பொய் சொன்னவன் போல ஆகிவிட்டது. முடிவில் குற்றத்தில் நான்கில் ஒரு பங்கு அவனுடையது என்று கொண்டு, இழப்பீட்டிலும் நான்கில் ஒரு பங்கைக் குறைத்தனர்.

அந்தப் பையன் சொன்னதும் மெய்; கண்டவர் சொன்னதும் மெய்யாக இருக்கலாம். சைக்கிள் நேர்கோட்டில் செல்வதில்லை. அது சாயும் பக்கத்திற்கே கைப்பிடியைச் சிறிது திருப்பிச் சமநிலை காக்கிறோம். ஆதலின் அதன் தடம் மெல்லிய அலைபோல் நெளியும். மெதுவாகச் சென்றால் நெளிவு மிகும். மேலும், இடப்பக்கம் திரும்பவேண்டுமானால் முதலில் கைப்பிடி ஒரு கணம் வலப்பக்கம் திரும்பவேண்டும். அப்பொழுதுதான் உடல் இடப்பக்கம் சாயும். சாய்ந்தபின் சக்கரம் இடப்பக்கம் திரும்பும். ஓட்டுபவர் இதனைத் தாமறியாமலே செய்கிறார். ஆகாய விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர் ரைட் இதனைக் கவனித்து, சைக்கிள் ஓட்டும் பலரைக் கேட்டும் தாம் எவ்வாறு திரும்புகிறோம் என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரையும் காணவில்லை என்று குறித்திருக்கிறார். பஸ்ஸைக் கண்டு விலகுபவனின் சக்கரம் முதற்கண் பஸ்ஸை நோக்கியே திரும்பும் என்றால், மிக நெருங்கி வந்து ஹாரன் அடிப்பது உதவியா, ஊறா?

பெரிய வண்டி விரைந்து கடக்கும்போது காற்றும் தன் பங்கைச் செய்கிறது. வண்டியின் முகப்பு தள்ளும் காற்று சைக்கிள்காரரை வெளிப்புறமாக ஒதுக்குகிறது; அடுத்த கணம் வண்டியின் பக்கவாட்டில் அழுத்தம் குறைந்து அவரை உள்ளே இழுக்கிறது. தள்ளுதலை எதிர்த்து உடலைச் சாய்த்தவர் இழுத்தலுக்கு ஆளாகிறார். 12 டன் எடையுள்ள பஸ் 60 கிலோமீட்டர் வேகத்திலும், சைக்கிளோடு 70 கிலோ எடையுள்ள சிறுவன் 15 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால், பஸ்ஸின் இயக்க ஆற்றல் சிறுவனுடையதைப்போல் 2,700 மடங்குக்கு மேற்பட்டது. எடை ஏறத்தாழ 171 மடங்கு. வேகம் நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கம் பதினாறு மடங்கு. பெருக்கிப் பாருங்கள். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்திக் குற்றத்தைப் பங்கிடுவது முறையா என்னும் கேள்வியே இருபதாம் நூற்றாண்டில் பல நாட்டுச் சட்டமன்றங்களிலும் எழுந்தது.

பங்கீடு என்பதே முதலில் ஒரு முன்னேற்றந்தான் என்பதையும் மறத்தல் ஆகாது. கடலில் கப்பல்கள் மோதினால் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப நட்டத்தைப் பிரிக்கலாம் என்று பிரிட்டிஷ் சட்டம் 1911இல் கூறிற்று. தரையில் மோதியவர்களுக்கு அந்நீதி 1945இல்தான் வந்தது. ஐந்து பங்கு குற்றமுடையவர் தொண்ணூற்றைந்து பங்கு ஈடு பெறலாம் என்றாயிற்று. கழுதை வழக்கின் கடைசி வாய்ப்பு ஆராய்ச்சிக்கு அதன்பின் தேவை குறைந்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இப்பங்கீட்டு முறையையே பின்பற்றுகின்றன. எங்கள் மாணவனுக்கு முக்கால் பங்கு கிடைத்தது அதனால்தான். 1809ஆம் ஆண்டு விதியின்படி அவனுக்கு ஒன்றுமே கிடைத்திராது.

ஹாலந்து நாட்டார் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 1920களின் நடுவிலேயே அவர்கள் மெய்ப்பிக்கும் பாரத்தை மாற்றி வைத்தனர். மோட்டாரால் அடிபட்டவர் ஓட்டியவரின் குற்றத்தை நிறுவ வேண்டியதில்லை. தம்மால் தவிர்க்கவே முடியாத நிகழ்ச்சி அது என்று மோட்டார் உடையவரே நிறுவவேண்டும். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதற்கு அளவும் கூறிற்று. நடப்பவரோ சைக்கிள்காரரோ தவறு செய்திருந்தாலும் மோட்டார் உடையவர் நட்டத்தில் பாதியையேனும் ஏற்கவேண்டும். அடிபட்டவர் பதினான்கு வயது நிரம்பாத சிறுவராயின், வேண்டுமென்றே செய்தது போன்ற அரிய நிலை தவிர, முழுவதையும் ஏற்கவேண்டும். குழந்தை குழந்தையைப் போல நடந்துகொள்வதை ஓட்டுநர் எதிர்பார்த்தே வரவேண்டும் என்பது அதன் உட்பொருள். எங்கள் மாணவனின் வயதை மீண்டும் நினைத்துப் பாருங்கள்! பிரான்சு நாடும் 1985ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் இயற்றிய சட்டத்தில், பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கும் எழுபது வயதுக்கு மேற்பட்டோர்க்கும் இத்தகைய காப்பினை அளித்தது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். ஹாலந்தில் எப்பொழுதும் கார்க்காரரே குற்றவாளி என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. அச்சட்டம் பேசுவது நட்டத்தை யார் தாங்குவது என்பதைப் பற்றியே. யாரைச் சிறையிலிடுவது என்பதைப் பற்றியன்று. நட்டத்தைத் தாங்குவதும் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே. அடுத்த மயக்கம், அச்சட்டத்தாலேயே அந்நாட்டில் சைக்கிள் பாதுகாப்பாயிற்று என்பது. சட்டம் இருந்தபோதே 1971இல் அச்சிறு நாட்டுச் சாலைகளில் 3,200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் மட்டும் 400க்கு மேல். பெற்றோர்கள் தெருவில் இறங்கினர். குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்பதையே தங்கள் இயக்கத்தின் பெயராக வைத்துக்கொண்டனர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அதன்பின்னரே நகர்தோறும் சைக்கிளுக்குத் தனிப் பாதைகளும், குடியிருப்புத் தெருக்களில் வேகத் தடைகளும் பெருகின. கடந்த பத்தாண்டுகளில் ஓராண்டிலேனும் அந்நாட்டுச் சாலைச் சாவுகள் 800ஐத் தாண்டவில்லை. முந்துதலே நிகழாதபடி பாதையைப் பிரித்தது முதற்காரணம். சட்டம் துணைக் காரணம். லண்டன் தனிப் பாதையை எதிர்த்தவர்களைப் பற்றி நான் மேலே சொன்ன கருத்துக்கு அடிப்படை இதுவே.

நம் நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுவேன். இந்திய மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914இல் வந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாமவர்க்கு நேரும் தீங்குக்காக வண்டிகளைக் கட்டாயம் காப்புறுதி செய்யவேண்டும் என்றது; அப்பகுதி நடைமுறைக்கு வந்தது 1946ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள். 1956ஆம் ஆண்டுத் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. எனினும் ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்தால்தான் ஈடு. கணவனை இழந்த கைம்பெண் சாட்சிக்கு எங்கே போவாள்? 1970களின் இறுதியில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் போன்றோர் உச்ச நீதிமன்றத்தில் இக்கொடுமையைச் சுட்டிக்காட்டி, குற்றத்தைக் கருதாத ஈட்டு முறை வேண்டும் என்று வற்புறுத்தினர். 1982இல் அது சட்டமாயிற்று. உயிரிழப்புக்கு 15,000 ரூபாய். நிலையான ஊனத்துக்கு 7,500 ரூபாய். தொகை அற்பமே, ஆயினும் குற்றம் யாருடையது என்று கேளாமல் கொடு என்று நம் சட்டம் கூறிய முதற்சொல் அது. 1988இல் இயற்றிய புதுச் சட்டம் தொகையை 25,000 ஆக்கிற்று. 1994இல் 50,000 ஆயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 2022 ஏப்ரல் முதல், உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் என்று உயர்த்தியது. அதனை ஒப்புக்கொண்டவர், குற்றத்தை நிறுவி அதற்கு மேற்பட்ட தொகை பெறும் வழக்கைத் தொடர இயலாது. ஏழைக் குடும்பத்திற்கு இது எளிய தேர்வன்று.

தண்டனைச் சட்டம் வேறு நெறியில் செல்கிறது. அங்கே குற்றத்தை அரசு ஐயமற மெய்ப்பித்தாக வேண்டும். கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்தலுக்கு 1870இல் சேர்க்கப்பட்ட 304ஏ பிரிவின்படி உச்ச தண்டனை இரண்டாண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி அது ஐந்தாண்டு. தண்டனை மிகுந்தால் விபத்துக் குறையும் என்று மேடையில் பேசுவோர் உளர். பத்து நொடி பொறுக்காத ஓட்டுநர் அவ்வேளையில் தண்டனைச் சட்டத்தை எண்ணிப் பார்க்கிறார் என்று நான் நம்பவில்லை. அவருக்குப் பணிநேர அட்டவணையை வகுத்தவரையும் எந்தப் பிரிவும் தொடுவதில்லை.

ஆகவேதான் சில நாடுகள் குற்றம் நேர்ந்தபின் ஆராய்வதைவிட, இடைவெளியை முன்கூட்டியே அளவிட்டுச் சொல்லத் தலைப்பட்டன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1973இலேயே சைக்கிளை முந்தும்போது மூன்றடி இடைவெளி வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2014இல் 60 கிலோமீட்டர் வேக வரம்புவரை ஒரு மீட்டர், அதற்கு மேல் ஒன்றரை மீட்டர் என்றது. ஜெர்மனி 2020இல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் என்று வரையறுத்தது. பிரிட்டனின் நெடுஞ்சாலை நெறிநூல் 2022இல் 30 மைல் வேகம்வரை ஒன்றரை மீட்டர், அதற்கு மேல் இன்னும் மிகுதி என்று கூறியது. அதே நூல், வலியவர் எளியவர்மீது மிகுந்த பொறுப்புடையவர் என்னும் வரிசையையும் சேர்த்தது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், நடப்போர், சைக்கிள்காரர், சிறுவர், முதியோர் ஆகியோர்பால் தனிக் கவனம் கொள்ளுமாறு பணிக்கின்றன.

இடைவெளியைக் கருவி பூட்டி அளந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் என்பவர் தம் சைக்கிளில் அளவுகருவி ஒன்றைப் பொருத்தி, 2,300க்கு மேற்பட்ட வண்டிகள் தம்மை முந்தியதை அளந்து 2007இல் முடிவினை வெளியிட்டார். பஸ்ஸும் லாரியும் கார்களைவிட நெருங்கிச் சென்றன. அவர் நீண்ட கூந்தல் முடியணிந்து சென்றபோது சற்று மிகுதியாக இடம் விட்டார்களாம்! தலைக்கவசம் அணிந்தபோது நெருங்கி வந்தனர் என்றும் கண்டார். அம்முடிவைப் பிறர் மறுத்துள்ளனர். ஆதலின் தலைக்கவசம் வேண்டா என்று யாரும் வீட்டில் வாதாட வேண்டா.

சைக்கிள்காரர் கடமையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இருட்டில் விளக்கின்றிச் செல்பவரை எந்த நல்ல ஓட்டுநரும் காண இயலாது. என் இளமையில் நகராட்சி உரிம வில்லை இல்லாவிடினும் விளக்கில்லாவிடினும் காவலர் நிறுத்தி அபராதம் விதிப்பார். அந்த வில்லை மறைந்ததில் எனக்கு வருத்தமில்லை, விளக்கு மறைந்ததில் உண்டு. மூவர் கைகோத்துக்கொண்டு சாலை முழுதும் பேசிச் செல்வதும், பின்னே பாராமல் திடீரென வலப்பக்கம் வெட்டுவதும் எந்த நாட்டுச் சட்டத்திலும் தவறே. ஆனால் மிகவும் ஓரமாகச் செல்வதே பாதுகாப்பு என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அதனை அப்படியே ஏற்க நான் உடன்படேன். தார் முடியும் இடத்தில் நான்கு விரற்கடை பள்ளம் இருக்கும். சரளையும் மணலும் கிடக்கும். அங்கே சக்கரம் இறங்கினால் மீண்டும் ஏறும்போது விழுவது உறுதி. மேலும், மிக ஒதுங்கிச் செல்பவரைக் கண்ட ஓட்டுநர் இடம் இருப்பதாக எண்ணி நெருக்கி நுழைகிறார். விளிம்பிலிருந்து அரை மீட்டரேனும் உள்ளே, ஒரே சீராகச் செல்லவேண்டும் என்றே அந்தப் பிரிட்டிஷ் நெறிநூலும் கூறுகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் 4,000க்கு மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் 2005-2006ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை மாணவ மாணவியர்க்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கி வந்திருக்கிறார்கள். வழங்கும் நாளில் மேடையில் நின்று பார்த்திருக்கிறேன். வரிசையாக நிறுத்திய புதுச் சைக்கிள்களின் மணிகளை எல்லாரும் ஒருங்கே அடித்துப் பார்ப்பார்கள். அன்று மாலையே அவை சிற்றூர்ச் சாலைகளுக்குப் போய்விடும். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு ஒரு பஸ் ஒரு சைக்கிளை முந்த 4.8 மீட்டர் வேண்டும் என்று முன்னே கணக்கிட்டோம். அச்சாலைகளில் பலவற்றின் தார் அகலம் 3.75 மீட்டர்.